மஞ்சள் சட்டை ஊர்வலம்

ஆர்லன் டாலஃப்சன் நிற்பாரா, நிற்கமாட்டாரா? ஸ்டோர்விக் ஊரில் சில வாரமாக வேறு பேச்சே இல்லை. தபால் ஆபீசில் அதே பேச்சு, தானியக் கிடங்கில் அதே பேச்சு, சர்ச்சில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில்கூட அதே பேச்சு. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவருடைய மனைவி ரோண்டா. அவளுக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை.

எல்லாம் மாநிலத் தலைநகரான செயின்ட் பாலில் வருகிற பத்திரிகை ஒன்று செய்த வேலை. அடுத்த வருஷம் நடக்கப்போகும் கவர்னர் தேர்தலுக்கு இப்போதே ஜோசியம் பார்த்து, இருக்கிற கவர்னரை எதிர்த்து யார் யார் நிற்கக்கூடும் என்று ஏழு பேர் படத்தைப் போட்டிருந்தது. ஏழாவது ஆர்லன். மற்றவர்கள் படம் உள்ளங்கை அகலம், இவர் படம் தபால் தலை அளவு.

மாநில செனட்டில் இரண்டு பதவிக்காலம் இருந்து, ஆற்று வெள்ளத்துக்குக் கரை கட்டச் சொல்லிச் சண்டை பிடித்து, கட்டி முடித்ததும் போதும் என்று சர்க்கரை பீட் கிழங்கு வயலுக்குத் திரும்பிவிட்ட மனிதர் அவர். அந்தத் தபால் தலை அவரை என்னவோ செய்துவிட்டது. படத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, உண்மைதான். ஆனால் பத்திரிகையைக் குப்பையிலும் போடவில்லை. அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது.

ரோண்டாவின் கவலை வேறு. கவுண்டி என்கிற மாவட்ட ஆபீசில் பழைய ஆடிட்டர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வரிக் கணக்கும் அவள் தலையில், தேர்தல் நடத்துவதும் அவள் தலையில். நிரந்தரமாக யாரைப் போடுவது என்று வருகிற செவ்வாய்க்கிழமை கவுண்டி போர்டு கூடி முடிவு செய்கிறது.

போர்டுத் தலைவர் வெண்டல் ஹாஃப் போன வாரம் அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, மழை, பீட் விலை, தன் முழங்கால் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் விஷயத்தைப் போட்டார். வீட்டுக்காரர் பெயர் ஓட்டுச்சீட்டில் இருந்து, அந்தச் சீட்டை வீட்டுக்காரியே எண்ணினால் பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்காதோ என்னவோ, என்றார். சட்டம் தடுக்கவில்லையாம், அவரும் தடுக்கப்போவதில்லையாம், சும்மா சொல்லி வைத்தாராம். செவ்வாய்க்குள் ஒரு வார்த்தை தெரிந்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். அதைத்தான் ரோண்டா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி காலையிலும் கேட்டாள். ஊர்வலத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், காப்பிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தே கேட்டாள்.

"ஆர்லன், இன்னிக்கு ஊரே அங்க இருக்கும். வெண்டலும் இருப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

ஆர்லன் காப்பியை ஊதினார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மேகம் மேற்கே கூடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

"மேகத்தைக் கேக்கலை."

"சனங்க என்ன நெனைக்கிறாங்கன்னு பார்க்கணும் இல்லையா? நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

"யாரை?"

"எல்லாரையும்தான்."

"என்னை?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. தப்பித்தோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ரோண்டாவுக்கு அந்தக் காப்பியை எடுத்து அவர் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது.

வந்தது ஆர்லனின் தங்கை கார்லா. டாலஃப்சன் பண்ணை ஆரம்பித்து நூற்றிருபத்தைந்து வருஷம் ஆகிறது என்று இந்த வருஷ ஊர்வலத்தில் குடும்பமே ஒரு வைக்கோல் வண்டியில் ஏறிப் போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு முழுக்கக் கார்லாவினுடையது. எதையும் கேட்டுச் செய்யும் வழக்கம் அவளுக்குப் பிறவியிலிருந்தே கிடையாது. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில், சரியாக அந்தப் பத்திரிகை மேலேயே, தொப்பென்று வைத்தாள்.

பெட்டிக்குள் சட்டைகள். பளீரென்ற மஞ்சள் நிறம். முன்னாலும் பின்னாலும் நீல எழுத்தில் டாலஃப்சன் என்று, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஏதோ எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி. ரோண்டா பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். நூற்றிருபத்தைந்து வருஷப் பண்ணை என்று இருந்தது.

"பேர் மட்டும் இவ்வளவு பெருசா இருக்கே, கார்லா?"

"அச்சடிக்கிறவன் எப்பவும் தேர்தலுக்குத்தான் போடுவானாம். அவன்கிட்ட இருந்த அளவு அதுதான். நல்லாத்தானே இருக்கு?"

ரோண்டா கணவரைப் பார்த்தாள். ஆர்லன் ஏற்கெனவே ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். கழுத்து வழியாகத் தலை வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஐம்பத்தெட்டு வயது மனிதர், புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"நான் போடலை" என்றாள் ரோண்டா.

"குடும்பம் எல்லாம் போட்டிருக்கும்போது நீ மட்டும் போடலைன்னா ஊர் என்ன பேசும்?" என்றாள் கார்லா.

ஊர் என்ன பேசும் என்பது ரோண்டாவுக்கு நன்றாகத் தெரியும். போட்டால் ஒன்று பேசும், போடாவிட்டால் இரண்டு பேசும். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். மேலே ஒரு பருத்திக் கோட்டையும் மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில், கழுத்து வரை பொத்தானைப் பூட்டிக்கொண்டாள்.

ஸ்டோர்விக் ஊர்வலத்தில் எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. தீயணைப்பு வண்டி முன்னால் போகும், பள்ளிக்கூட பேண்டு ஒரு லாரி மேல் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு போகும், பால் பண்ணைக்காரர்கள் வருஷா வருஷம் தேர்ந்தெடுக்கும் பால் ராணி திறந்த காரில் கையசைத்துக்கொண்டு போவாள். இவர்கள் எல்லோரும் வண்டியில் போகிறவர்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் மட்டும் நடந்து போவார்கள். பெயர் போட்ட சட்டைக் கூட்டம் பின்னால் வர, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து வளைந்து ஓடி, ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கைக்குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். டாலஃப்சன் குடும்பம் வண்டியில் போகிறது என்ற ஒரே தைரியத்தில்தான் ரோண்டா அந்தச் சட்டைக்குள் தலையை நுழைத்திருந்தாள்.

சர்ச் முனை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வைக்கோல் கட்டுகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்து கையசைத்தார்கள். கார்லா ஓரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினாள். ஆர்லன் ரோண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து சமர்த்தாகத்தான் இருந்தார்.

இரும்புக் கடைக்கு முன்னால் யாரோ, "ஆர்லன், எங்களை மறந்துட்டீங்களா?" என்று கூப்பிட்டார்கள். கரை கட்டுவதற்கு முன்னால் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்த வயதான தம்பதி. ஒரு நிமிஷம் பேசிவிட்டு வருகிறேன் என்று ஆர்லன் வண்டியிலிருந்து குதித்தார்.

ரோண்டா அவர் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை.

அந்தத் தம்பதிக்குக் கை கொடுத்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் கையை நீட்டினார். அதற்கடுத்தவரும் நீட்டினார். பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட, ரோட்டைக் கடந்து அங்கே ஓடினார். அண்ணன் இறங்கியதைப் பார்த்துக் கார்லா இறங்கினாள். அவளைப் பார்த்து அவள் பிள்ளைகள் இறங்கினார்கள், அவர்களைப் பார்த்துச் சித்தப்பா பிள்ளைகள் இறங்கினார்கள். வங்கி முனைக்கு வரும்போது மஞ்சள் சட்டைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்து வந்தது, ஆர்லன் அதற்கு முன்னால் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தார், காலி வண்டியில் மிட்டாய் வாளியை மடியில் வைத்துக்கொண்டு ரோண்டா மட்டும் ஒரு வைக்கோல் கட்டின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் ஓரம் முழுக்கக் கை தட்டியது. "போய் ஒரு கை பாருங்க, ஆர்லன்" என்று ஒரு குரல் வந்தது.

அவள் ஆத்திரத்தில் வாளியைக் கவிழ்த்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அவர் முகம் அவள் கண்ணில் பட்டது. செனட்டிலிருந்து வந்த பிறகு வீட்டுக்குள் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடமாடிய ஆளைக் காணோம். வேர்வையில் முதுகு நனைந்து, தொப்பி பின்னால் சரிந்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஓடினார். கோபம் இருந்த இடத்திலேயே பாசமும் வந்து உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது.

வங்கி வாசலில் வெண்டல் ஹாஃப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கை தட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், வண்டியில் தனியாகப் போகிறவளைப் பார்த்தார், தொப்பியை லேசாகத் தொட்டார்.

"நல்ல நிறம்" என்றார்.

இந்த ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் பேசமாட்டார்கள்.

ஊர்வலம் பூங்காவில் போய் முடிந்தது. நீளமான மேஜைகளில் உருளைக்கிழங்கு சாலட், குச்சியில் சொருகிய பன்றிக்கறி, சர்ச் பெண்கள் பழம் வைத்துச் சுட்ட பை என்ற பலகார வகைகள். வண்டியிலிருந்து ரோண்டா இறங்குவதற்குள் டி.வி.காரர்கள் வந்துவிட்டார்கள். பால் ராணியைப் படம் பிடிக்க வந்த செய்தியாளப் பெண் ஒருத்திக்கு வழியிலேயே பெரிய மீன் மாட்டியிருந்தது. மைக்கை ஆர்லன் முகத்துக்கு நேரே நீட்டி, இதைப் போட்டியில் இறங்கியதற்கான அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

இது குடும்ப விழா என்று ஆர்லன் ஆரம்பித்தார். ரோண்டாவுக்கு உயிர் வந்தது. ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றார். ரோண்டாவுக்கு உயிர் போயிற்று. அவர்களை உதாசீனம் செய்வதும் சரியில்லை என்றார், இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்றார், வெள்ளம், கரை, வயல், வானம் என்று ஊரைச் சுற்றி வந்தார். செய்தியாளப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமாவா, இல்லையா, செனட்டர்?" என்றாள்.

ஆர்லன் சுற்றும் முற்றும் பார்த்தார். கூட்டத்தில் கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு நின்ற மனைவி கண்ணில் பட்டாள். பெரிய பாரம் இறங்கின மாதிரி முகம் மலர்ந்தது.

"என் மனைவியைத்தான் கேக்கணும். ரோண்டா சரின்னு சொன்னா நிக்கறேன்."

கூட்டம் ஆஹா என்றது. எவ்வளவு நல்ல மனிதர் என்று பை மேஜைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காமிராவும் மைக்கும் சேர்ந்து ரோண்டா பக்கம் திரும்பின.

சரி என்றால் செவ்வாய்க்கிழமை அவள் நாற்காலி போச்சு. வேண்டாம் என்றால், ஊரே ஆசையோடு பார்த்த மனிதரைக் காலைப் பிடித்து இழுத்தவள் என்று ஆயுசுக்கும் பெயர். எவ்வளவு பெரிய முடிச்சை எவ்வளவு சுலபமாகத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"நான் தேர்தல் ஆபீசுல வேலை பார்க்கறேன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "வேட்பாளரா பேர் கொடுக்க வர்றவங்க எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். அவங்கவங்க வந்து, அவங்கவங்க வாயாலதான் சத்தியம் பண்ணணும். பொண்டாட்டியை அனுப்பினா நாங்க வாங்கிக்கறது இல்லை."

கூட்டம் சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். ஆர்லன் சிரிக்கவில்லை.

அவர் முழங்கையைப் பிடித்து, காலையிலேயே பூங்கா ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த தங்கள் பிக்கப் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஜன்னலைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"இப்பச் சொல்லு. டி.வி. இல்லை, கார்லா இல்லை. மேகமும் இல்லை."

ஆர்லன் ஸ்டியரிங்கைத் தடவினார்.

"எனக்கு ஆசையா இருக்கு, ரோண்டா. இன்னிக்கு வண்டியை விட்டு இறங்கினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. தோத்துடுவேன், அது தெரியும். ஏழாவது படம். இருந்தாலும் ஆசையா இருக்கு."

கடைசியில் ஒரு நேரான பதில்.

"அப்ப என் வேலை?"

"வெண்டல்கிட்ட நான் பேசறேன். நீ பிரசாரத்தைப் பார்த்துக்கலாம். உன்னைவிட ஒழுங்கா அதை யாரு பண்ண முடியும்?"

"நான் விட்டுடுவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நீ விட்டுடுவேன்னுதான் நெனச்சேன். போன தடவை செனட்டுக்கு நின்னப்ப நீதானே முதல்ல பாதி நேர வேலைக்கு மாறிக்கறேன்னு சொன்னே. நான் கேக்கவே இல்லையே."

ஆமாம், அவர் கேட்கவே இல்லை. அவர் எதையும் எப்போதும் கேட்டதில்லை. வயலைப் பார்த்துக்கொண்டு, காப்பியை ஊதிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருப்பார். யாராவது எழுந்து அவருக்கு வழி விட்டுவிடுவார்கள். இத்தனை வருஷமாக எழுந்து வழி விட்டவள் அவள்தான் என்பது இப்போது, இந்தப் புழுக்கத்தில், கோட்டுக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி அவளை அழுத்தியது.

"எனக்கு அந்த நாற்காலி வேணும், ஆர்லன். உனக்கு ஆசை இருக்கற அளவுக்கு எனக்கும் இருக்கு. நீ நில்லு, நான் தடுக்கலை. ஆனா நான் எழுந்திருக்க மாட்டேன். வா, ரெண்டையும் வெண்டல்கிட்ட சொல்லிடுவோம்."

"இன்னிக்கேவா?" ஆர்லன் மறுபடி ஸ்டியரிங்கைத் தடவ ஆரம்பித்தார். "செவ்வாய் வரைக்கும் இருக்கே. இன்னும் நாலு பேரைக் கேட்டுட்டு, மெதுவா..."

ரோண்டா கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கியதும் முதல் வேலையாகக் கோட்டைக் கழற்றி இருக்கையில் வீசினாள். மஞ்சள் சட்டையும் நீல எழுத்துமாகப் புல்வெளியைக் கடந்து நடந்தாள். அவளும் டாலஃப்சன்தானே.

வெண்டல் மனைவியோடு மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், மேற்கே மேகம் கூடுகிற மாதிரி இருக்கிறதே என்று ஆரம்பித்தார்.

"செவ்வாய்க்கிழமை என் பேர் அப்படியே இருக்கட்டும், வெண்டல். ஆர்லன் நிக்கறார். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டே முடிவு பண்ணுங்க."

வெண்டல் மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வானிலை பேசாமல் விஷயத்துக்கு வருகிறவர்களை அந்த அம்மாள் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்து மேஜையில் செய்தியாளப் பெண் மென்றுகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தினாள்.

"நான் சும்மாதான் சொன்னேன், ரோண்டா" என்றார் வெண்டல்.

"நான் சும்மா சொல்லலை."

வெண்டல் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னாலேயே மூச்சு வாங்க ஆர்லன் வந்து நின்றிருந்தார்.

"அப்படியா, ஆர்லன்?"

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார்.

"ஆமா" என்றார்.

ரோண்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் அவள் கெஞ்சிக் கேட்ட வார்த்தை. வெண்டல் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

செய்தியாளப் பெண் மைக்கைத் தேடிக்கொண்டு எழுந்தாள். வெண்டல் வாயைத் துடைத்துக்கொண்டு, காகிதத் துண்டை மடித்து, அதையும் இன்னொரு மடிப்பு மடித்தார்.

"போர்டுல அஞ்சு பேர். மூணு கை வேணும். உனக்கு ரெண்டு இருக்கு, எனக்குத் தெரியும். மூணாவது என் கைதானான்னு இப்பக் கேக்காத."

"கேக்கலை" என்றாள் ரோண்டா. "ஆனா கையைத் தூக்கினாலும் தூக்காட்டியும், என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பண்ணுங்க."

மேஜை நடுவில் இருந்த தட்டில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த இனிப்பு ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. எல்லோருக்கும் அதன் மேல் கண், எடுக்க யாருக்கும் மனசில்லை. ஸ்டோர்விக்கில் கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் அது அப்படியே கிடந்து காயும்.

ரோண்டா அதை எடுத்துக் கடித்தாள்.